கால்தானே என்று விட்டுவிடாதீர்கள்: தென்னாப்பிரிக்காவில் வண்டி ஓட்டும் புதியவர்களுக்கு

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வேலைக்காக டர்பனுக்கும் ஜொகன்னஸ்பர்க்குக்கும் வருகிறவர்களுக்குத் தென்னாப்பிரிக்கச் சாலை பாதி பழகியதுதான். இங்கும் இடது பக்கம் ஓட்டுகிறார்கள். ஸ்டியரிங்கும் வலது பக்கம்தான். பழகாதது வேகம். நெடுஞ்சாலையில் 120 வரை அனுமதி உண்டு. டர்பனையும் ஜொகன்னஸ்பர்க்கையும் இணைக்கும் என்3 சாலையில் வான் ரீனன் கணவாயின் மூடுபனிக்குள், 56 டன் வரை எடை கொண்ட லாரிகளுக்கு நடுவே இறங்க வேண்டியிருக்கும். டோங்காட், ஸ்டாங்கர் பக்கம் போனால் கரும்பு லாரிகள். ஈஸ்டர் வந்துவிட்டால் இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டமும் ஜொகன்னஸ்பர்க்கிலிருந்து கடற்கரைக்கு இறங்குகிற கூட்டமும் ஒரே வாரத்தில் சாலையில் இருக்கும்.

இந்த வேகத்தில் மோதும்போது சீட் பெல்ட்டும் ஏர்பேக்கும் தலையையும் நெஞ்சையும் காக்க நிறையச் செய்கின்றன. கைகால்களுக்கு அந்த அளவு காவல் கிடையாது. ஆள் பிழைத்துக்கொள்கிறார், சுற்றி நிற்பவர்கள் "நல்லவேளை, கால்லதான் அடி" என்கிறார்கள். அந்தக் காலில் ரத்தக்குழாய் நசுங்கியிருந்தால் அதைக் காப்பாற்றக் கிடைப்பது ஏறக்குறைய ஆறு மணி நேரம். விபத்து என்3 சாலையில் எஸ்ட்கோர்ட் ஊரைத் தாண்டி எங்கோ நடந்திருந்தால், அதில் கணிசமான பங்கு காத்திருப்பதிலேயே போய்விடும்.

ஓட்டுநர்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான்: கை காலில் பட்ட அடி எவ்வளவு மோசம் என்று தெரிந்துகொள்ள அடிபட்ட இடத்தையே வெறித்துப் பார்த்தால் போதாது. அதற்கு அப்பால் இருக்கிற விரல்களைப் பாருங்கள். சதை கிழிந்து தொங்கும் காயம் தையலோடு ஆறிப்போகலாம். வெறும் வீக்கமாகத் தெரிகிற முழங்கால் அந்தக் காலையே மறுநாள் பறித்துவிடலாம்.

வண்டி நின்றதும்

எஞ்சினை அணையுங்கள். நான்கு பக்க விளக்குகளையும் போடுங்கள். பிறகு இறங்காமல் இருங்கள். தீ, புகை, பெட்ரோல் வாடை இருந்தாலோ, பின்னால் வருகிற வண்டி இடிக்கக்கூடிய இடத்தில் நின்றாலோ மட்டும் இறங்கி விலகுங்கள். மற்றபடி உட்கார்ந்த இடம்தான் நல்லது. மோதிய அதிர்ச்சியில் அட்ரினலின் பாய்ந்து வலியை மூடிவிடும். முறிந்த காலோடு இறங்கி எதிர் வண்டிக்காரரிடம் நியாயம் கேட்கப் போகிறவர்கள் உண்டு. அப்படிப் போகும்போதுதான் விலகாத எலும்பு விலகுகிறது, தோலைக் கிழிக்கிறது.

கழுத்தோ முதுகோ வலித்தால் தலையைத் திருப்ப வேண்டாம். இரண்டு கால்களும் அல்லது இரண்டு கைகளும் சேர்ந்து மரத்திருந்தால் கோளாறு தண்டுவடத்தில் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உட்கார்ந்தபடியே உங்களையே சோதித்துப் பாருங்கள். பீறிடும் ரத்தம் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. மூச்சு சரியாக வருகிறதா, நெஞ்சிலோ வயிற்றிலோ வலியா என்பது அடுத்தது. கை கால் அதற்குப் பிறகு. வண்டியில் மற்றவர்கள் இருந்தால் அவர்களுக்கும் இதே வரிசைதான். அதிகம் கத்துகிறவரை நோக்கி ஓடத் தோன்றும். சத்தம் போடாமல் வெளிறிக் கிடக்கிறவரை முதலில் பாருங்கள்.

ரத்தம்

துடித்துத் துடித்துப் பீய்ச்சினாலோ, கட்டிய துணியை நனைத்துக்கொண்டே இருந்தாலோ, தரையில் தேங்கினாலோ அது உயிருக்கு ஆபத்தான ரத்தப்போக்கு. கிடைத்த சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து, உள்ளங்கையால், உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு அழுத்துங்கள். நின்றதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்காதீர்கள்; நனைந்தால் மேலே இன்னொரு துணி.

அழுத்தியும் நிற்கவில்லை என்றால் காயத்துக்கு மேலே, உடம்பை ஒட்டிய பக்கமாக, ஐந்தாறு சென்டிமீட்டர் தள்ளி இறுக்குக் கட்டு போட வேண்டும். முழங்கால், முழங்கை மூட்டின் மேல் போடக்கூடாது. நான்கு விரல் அகலத் துணி வேண்டும். கம்பி, ஷூ கயிறு போன்ற மெல்லியவை சதையை அறுக்குமே தவிர ரத்தத்தை நிறுத்தாது. துணியை முடிந்து, முடிச்சில் உறுதியான குச்சியையோ ஸ்பேனரையோ செருகி, ரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். கடுமையாக வலிக்கும். வலிக்கிறது என்று தளர்த்தக்கூடாது. கட்டிய நேரத்தை நெற்றியிலோ கையிலோ பேனாவால் எழுதுங்கள். அதன் பிறகு அவிழ்ப்பது மருத்துவரின் வேலை.

வெளியே தெரியாத ரத்தப்போக்கு இதைவிட ஏமாற்றும். பெரியவர் ஒருவரின் உடம்பில் சுமார் ஐந்து லிட்டர் ரத்தம் இருக்கிறது. தொடை எலும்பு முறிந்தால் தோலில் ஒரு கீறல்கூட இல்லாமல் ஒரு லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை தொடைக்குள்ளேயே தேங்கிவிடும். இடுப்பு எலும்பு வளையம் பிளந்தால் அதற்கும் மேல். ஒரு தொடை மற்றதைவிடப் பருத்து, இறுகி, கால் குட்டையாகத் தெரிகிறதா? நாடி வேகமாகவும் மெலிந்தும் ஓடுகிறதா? குளிர்ந்த வியர்வை, பதற்றம், அடங்காத தாகம்? நம் மாநிறத்தில் முகம் வெளிறுவது சட்டென்று தெரியாது. கீழுதட்டை மடக்கி உள்பக்கம் பாருங்கள், உள்ளங்கையைப் பாருங்கள்.

இடுப்பில் அடி என்று சந்தேகம் வந்தால் உடைந்திருக்கிறதா என்று அமுக்கியோ ஆட்டியோ பார்க்கவே கூடாது. சேலையையோ போர்வையையோ பட்டையாக மடித்து, தொடை எலும்பின் மேல்முனை புடைத்துத் தெரிகிற மட்டத்தில் சுற்றி இறுக்கிக் கட்டுங்கள். வேட்டி கட்டுகிற இடம் அதற்கு மேலே; அங்கே கட்டினால் பயனில்லை. இரண்டு முழங்கால்களையும் சேர்த்துக் கட்டி அசையாமல் வையுங்கள்.

ஓட்டுநருக்கு எங்கே உடையும்

ஓட்டுநர் உட்காரும் விதத்தில் ஓர் ஒழுங்கு இருப்பதால் அவருக்குப் படும் அடியிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. இதைத் தெரிந்து வைத்திருந்தால் எங்கே தேடுவது என்று தெரியும். மருத்துவரிடம் "வண்டி இப்படி மோதியது, நான் இப்படி உட்கார்ந்திருந்தேன்" என்று சொன்னாலே அவர் கண் சரியான இடத்துக்குப் போய்விடும்.

நேருக்கு நேர் மோதும்போது உடம்பு முன்னால் வழுக்கி, முழங்கால் டேஷ்போர்டில் இடிக்கிறது. அந்த ஓர் இடி முழங்கால் சில்லிலிருந்து இடுப்புவரை ஒரே நேர்கோட்டில் பாய்கிறது. சில்லு நொறுங்கலாம், முழங்காலின் பின் ஜவ்வு கிழியலாம், தொடை எலும்பு முறியலாம், இடுப்பு மூட்டின் பந்து கிண்ணத்தைவிட்டுப் பின்புறமாக நழுவலாம். ஆகவே முழங்காலில் சிராய்ப்பு இருந்தால் இடுப்பையும் கேளுங்கள். இடுப்பு மூட்டு பின்னால் நழுவிய கால் மடங்கி, குட்டையாகி, முழங்காலும் பாதமும் உள்பக்கம் திரும்பியிருக்கும்; நேராக்க முடியாது. இடுப்புப் பக்கம் எலும்பு முறிந்த கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடக்கும். நழுவிய மூட்டை ஆறு மணி நேரத்துக்குள் திரும்ப உட்கார வைப்பது நல்லது. தாமதமானால் பந்துக்குப் போகும் ரத்தம் தடைபட்டு எலும்பு செத்துப்போகும் வாய்ப்பு கூடுகிறது. பின்னால் ஓடுகிற பெரிய நரம்பு நசுங்கினால் பாதத்தை மேலே தூக்க முடியாது.

முழங்கால் மூட்டே முழுதாக விலகுவது எல்லாவற்றையும்விட வஞ்சகமானது. விலகிய மூட்டு பல நேரம் தானாகவே திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். பார்க்கிறவருக்கு வீங்கிய முழங்கால் மட்டும்தான் தெரியும். எக்ஸ்ரேயிலும் எலும்பு நன்றாக இருக்கும். ஆனால் விலகிய அந்த நொடியில் முழங்காலுக்குப் பின்னால் ஓடும் ரத்தக்குழாய் இழுபட்டுக் கிழிந்திருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்தால் கால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. எட்டு மணி நேரம் தாண்டினால் காலை எடுக்க வேண்டிய நிலை பெருமளவு கூடிவிடுகிறது. முழங்கால் நாலா பக்கமும் தொளதொளவென்று ஆடுகிறது, "படக்கென்று போய் வந்தது" என்று ஆள் சொல்கிறார் என்றால் வீக்கத்தை விட்டுவிட்டுப் பாதத்தைப் பாருங்கள்.

வலது பாதம் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்துக்கொண்டிருக்கும்போது வண்டியின் முன்பகுதி உள்ளே நசுங்கி வருகிறது. பலன், கணுக்கால், குதிகால் எலும்பு, பாதத்தின் நடு மூட்டுகள் எல்லாம் உடையக்கூடும். நடுப்பாத முறிவைச் சுளுக்கு என்று நினைத்து மாதக்கணக்கில் நொண்டுகிறவர்கள் உண்டு. உள்ளங்காலின் நடுவில் ரத்தம் கட்டிக் கறுத்திருந்தால் அது சுளுக்கு இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கணுக்கால் விஷயத்தில் மருத்துவர்கள் பயன்படுத்தும் எளிய அளவுகோல் ஒன்று உண்டு: அடிபட்டதும் நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் முட்டுகளின் பின் ஓரத்து எலும்பை அமுக்கினால் வலித்தாலோ எக்ஸ்ரே வேண்டும். இது அந்த ஓர் அடி மட்டும் இருக்கிறவருக்கு. தொடையிலும் இடுப்பிலும் வலி இருப்பவரை நடக்க வைத்துப் பார்க்காதீர்கள்.

கைகளுக்கு வருவோம். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்த கையில் கட்டைவிரலும் மணிக்கட்டும் வாங்கும். ஸ்டியரிங்கின் உச்சியில் கையை வைத்தோ குறுக்கே மடக்கியோ ஓட்டுகிறவர்களின் முன்கையை ஏர்பேக் முறித்து முகத்திலேயே அடிக்கும்; கடிகாரத்தின் ஒன்பதும் மூன்றும் இருக்கிற இடத்தில் பிடிக்கச் சொல்வது அதனால்தான். பெல்ட் குறுக்கே போகிற வலது தோளில் காறை எலும்பு உடையலாம். அதைக் கண்டு பெல்ட்டைத் திட்டாதீர்கள்.

டர்பன் வெயிலில் கண்ணாடியை இறக்கி, வலது முழங்கையை வெளியே போட்டுக்கொண்டு ஓட்டுவது இங்கே பலருக்கும் பழக்கம். வண்டி பக்கவாட்டில் உரசினாலோ உருண்டாலோ அந்த முழங்கை தோல், சதை, மூட்டு எல்லாம் சேர்ந்து நொறுங்கும். இந்த ஒரு அடியை மட்டும் முழுக்கத் தவிர்க்கலாம்.

இங்கே பக்கி என்று அழைக்கும் திறந்த பின்பக்க வண்டியில் ஆட்கள் உட்கார்ந்து வந்தால் அவர்களுக்கு இந்த ஒழுங்கு எதுவும் பொருந்தாது. தூக்கி எறியப்பட்டவருக்குத் தலை முதல் கால்வரை எங்கு வேண்டுமானாலும் அடி இருக்கும். டயர் ஏறி இறங்கிய காலில் தோல் கிழியாமலே உள்ளே சதையிலிருந்து பிரிந்துவிடுவதும் உண்டு. கையால் தள்ளினால் தோல் வழுக்கிக்கொண்டு நகரும், உள்ளே நீர் கோத்த மாதிரி இருக்கும். வெளியே காயம் இல்லை என்று அவரை வீட்டுக்கு அனுப்பிவிடக்கூடாது.

விரல் சோதனை

அடிபட்ட கையோ காலோ, நான்கு விஷயங்கள். எப்போதும் அடிபடாத பக்கத்தோடு ஒப்பிட்டே பாருங்கள்.

நிறமும் சூடும் முதலில். ஷூவையும் சாக்ஸையும் கழற்றுங்கள். கழற்ற வராவிட்டால் வெட்டுங்கள். புறங்கையால் இரண்டு பாதங்களையும் தொட்டால் எது சில்லிட்டிருக்கிறது என்று தெரியும். நகத்தை ஐந்து நொடி அழுத்திவிட்டு எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். டிராகன்ஸ்பெர்க் மலைப்பக்கம் குளிர்கால இரவில் இரண்டு பக்கமும் மெதுவாகத்தான் சிவக்கும். அடிபட்ட பக்கம் மட்டும் பின்தங்கினால் அது அபாயம்.

அடுத்தது நாடி. கையில் கட்டைவிரல் பக்க மணிக்கட்டில் கிடைக்கும். காலில், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையிலிருந்து மேலே போகிற கோட்டில் பாதத்தின் மேல்புறம் தேடுங்கள். இல்லையென்றால் உள் கணுக்கால் முட்டுக்குப் பின்னால். சிலருக்குப் பாதத்தின் மேல்நாடி பிறவியிலேயே சரியாகத் தெரியாது. அதனால்தான் மற்ற காலையும் பார்க்கச் சொல்வது.

பிறகு உணர்ச்சி. கண்ணை மூடச் சொல்லி மெல்லத் தொடுங்கள். காலில் பெருவிரலுக்கும் இரண்டாம் விரலுக்கும் இடைப்பட்ட இடுக்கு, உள்ளங்கால். கையில் ஆள்காட்டி விரல் நுனி, சுண்டுவிரல் நுனி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே புறங்கை. இந்த மூன்று இடமும் கையின் மூன்று பெரிய நரம்புகளுக்கு உரியவை.

கடைசியாக அசைவு. கால் விரல்களை மேலே தூக்கச் சொல்லுங்கள், கீழே மடக்கச் சொல்லுங்கள். கையில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டச் சொல்லுங்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டம் போடச் சொல்லுங்கள். எல்லா விரல்களையும் விரிக்கச் சொல்லுங்கள். மேற்கை எலும்பு முறிந்து அதை ஒட்டிய நரம்பு அடிபட்டால் மணிக்கட்டு தொங்கிப்போகும், கட்டைவிரல் எழும்பாது.

பார்த்ததை நேரத்தோடு கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள்: "7.10, வலது பாதம் சூடு, நாடி உண்டு. 7.25, பாதம் சில்லிட்டது, விரல் மரப்பு." கால் மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும். முதலில் நன்றாக இருந்து பிறகு கெட்டுப்போவதுதான் மருத்துவர் தெரிந்துகொள்ள விரும்புகிற முக்கியமான செய்தி.

கூடிக்கொண்டே போகிற வலி

எலும்பை அசையாமல் கட்டி வைத்தால் வலி கொஞ்சமாவது தணிய வேண்டும். தணியாமல் ஏறிக்கொண்டே போனால், அதுவும் மாத்திரைக்கும் ஊசிக்கும் அடங்காமல் போனால், உள்ளே தசை மூச்சுத்திணறுகிறது. கணைக்காலிலும் முன்கையிலும் தசைகள் விரியாத உறைகளுக்குள் இருக்கின்றன. வாய் கட்டிய பைக்குள் உளுந்து ஊறிப் பருப்பதுபோல அடிபட்ட தசை வீங்க, உறைக்குள் அழுத்தம் ஏறி, சின்ன ரத்தக்குழாய்கள் அடைபடுகின்றன.

இதற்கு அடையாளம், அடிக்குப் பொருந்தாத அளவு வலி, கால் விரலையோ கை விரலையோ மற்றவர் மெல்ல இழுத்து நீட்டினாலே உயிர்போகும் வலி, கெண்டைச் சதை கல்லாக இறுகியிருப்பது, பிறகு மரப்பு. நாடி கடைசிவரை துடித்துக்கொண்டிருக்கலாம். நாடி இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ளக்கூடாது. எலும்பு முறியாமலே, நசுங்கிய காலிலும் இது வரும். மாவுக்கட்டுக்குள்ளும் வரும். இதற்கு மருத்துவம் உறையைக் கீறி அழுத்தத்தை விடுவிப்பதுதான், அதுவும் சில மணி நேரத்துக்குள். ரத்தத்தை நிறுத்தப் போட்ட இறுக்குக் கட்டைத் தவிர, இறுக்கமான மற்றக் கட்டு எல்லாவற்றையும் தளர்த்துங்கள். காலை நெஞ்சின் மட்டத்திலேயே வையுங்கள். தலையணை அடுக்கி உயர்த்தினால் போகிற கொஞ்ச ரத்தமும் போகாது. இந்த அடையாளங்களோடு ஒருவரை எண்ணெய் போட்டு நீவிவிடுவதும், மூங்கில் சிம்பு வைத்து இறுக்கிக் கட்டுவதும் கையையே சுருங்க வைத்துவிடும், சில நேரம் அழுகவும் வைக்கும். புத்தூர் கட்டில் நம்பிக்கை உள்ள குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்வது எனக்குச் சங்கடம்தான். இருந்தாலும் முதல் சில நாள்களில் வேண்டவே வேண்டாம்.

ஆம்புலன்ஸ் வரும்வரை

வீங்குவதற்கு முன்னால் மோதிரம், வளையல், கடிகாரம், மெட்டி, கொலுசு எல்லாவற்றையும் கழற்றுங்கள். தைப்பூசக் காவடிக்குக் கட்டிய காப்புக் கயிறு மணிக்கட்டில் இருந்தால் அதையும் வெட்டிவிடுங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

முறிந்த இடத்தை இருந்த நிலையிலேயே அசையாமல் வையுங்கள். நேராக்க முயல வேண்டாம். சிம்பு வைப்பதானால் முறிவுக்கு மேல் மூட்டையும் கீழ் மூட்டையும் சேர்த்துப் பிடிக்கிற நீளம் வேண்டும். சுருட்டிய செய்தித்தாளோ அட்டையோ போதும். காலுக்கு, அடிபட்ட காலை நல்ல காலோடு நடுவே துணி வைத்துச் சேர்த்துக் கட்டலாம். கட்டிய பிறகு விரல் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

எலும்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் உள்ளே தள்ளாதீர்கள். சுத்தமான துணியால் மூடுங்கள். மஞ்சள் தூள், காபித் தூள் எதுவும் வேண்டாம். முறிவுக்கு மேலே சின்னதாக ஊசி குத்தியது போன்ற ஓட்டை இருந்தாலும் அது திறந்த முறிவுதான். எலும்பு வெளியே வந்து உள்ளே போயிருக்கும். அதற்கு ஆன்டிபயாட்டிக் ஒரு மணி நேரத்துக்குள் ஏறினால் நல்லது. ஆகவே அந்த ஓட்டையை மருத்துவரிடம் வலியுறுத்திக் காட்டுங்கள்.

துண்டான விரலையோ கையையோ தேடி எடுங்கள். ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். ஐஸில் நேரடியாகப் போட்டால் சதை உறைந்து கெட்டுவிடும்.

டேஷ்போர்டுக்கு அடியில் நீண்ட நேரம் சிக்கிக்கிடக்கும் காலை நாலு பேர் சேர்ந்து இழுத்து எடுக்க முனைவார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லையென்றால் தடுத்துவிடுங்கள். நசுங்கிய தசையில் சேர்ந்த பொட்டாசியம் விடுபட்டதும் இதயத்துக்குப் பாய்ந்து அதன் துடிப்பைக் குலைத்துவிடலாம். மீட்புக் குழு மருந்து ஏற்றிய பிறகு எடுப்பதே முறை.

தாகம் என்று எவ்வளவு கெஞ்சினாலும் தண்ணீரும் வேண்டாம், சர்க்கரை போட்ட தேநீரும் வேண்டாம். சில மணி நேரத்தில் மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம். உதட்டை நனைத்துவிடுங்கள், போதும்.

அழைப்பும் சட்டமும்

அரசு ஆம்புலன்ஸ் 10177. கைப்பேசியிலிருந்து 112. போலீஸ் 10111. தனியார் ஆம்புலன்ஸ்களில் நெட்கேர் 082 911, ஈஆர்24 084 124. நெடுஞ்சாலையோரத்துச் சின்ன நீலப் பலகைகளில் சாலை எண்ணும் கிலோமீட்டரும் இருக்கும். அதைப் படித்துச் சொல்லுங்கள். "காலில் அடி" என்று மட்டும் சொல்லாமல், "பாதம் சில்லிட்டிருக்கிறது, நாடி கிடைக்கவில்லை" என்று சொல்லுங்கள். ஆங்கிலத்தில் சொல்லப் பழகிக்கொள்வது நல்லது. பக்கத்தில் வந்து நிற்பவர் கோவிந்தர், பிள்ளை என்று குடும்பப் பெயர் கொண்டவராக இருக்கலாம். 1860இல் மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்தவர்களின் வழித்தோன்றலாகக்கூட இருக்கலாம். ஆனாலும் அவர் வீட்டில் பேசுவது பெரும்பாலும் ஆங்கிலம்தான்.

1996ஆம் ஆண்டின் தேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி ஓட்டுநர் நிற்க வேண்டும், அடிபட்டவர் உண்டா என்று பார்க்க வேண்டும், முடிந்த உதவியைச் செய்ய வேண்டும், அங்கேயே போலீஸிடம் விவரம் தராவிட்டால் 24 மணி நேரத்துக்குள் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். நீங்களே படுத்த படுக்கையானால் முடிந்தவுடன் தெரிவிக்கலாம். ஆளுக்கு அடிபட்ட விபத்தில் போலீஸோ போக்குவரத்து அதிகாரியோ சொல்லாமல் வண்டியை நகர்த்தக்கூடாது. சாலை முழுவதும் அடைபட்டிருந்தால் மட்டும், சக்கரம் நின்ற இடத்தைத் தரையில் குறித்துவிட்டு, வழிவிடுகிற அளவு நகர்த்தலாம். நடுக்கம் தீர ஒரு பெக் என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். சட்டமும் அதைத் தடுக்கிறது. எச்சரிக்கை முக்கோணத்தைப் பின்னால் 45 மீட்டருக்குக் குறையாமல் வையுங்கள்.

ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்னாலேயே இழுவை வண்டிகள் வந்து நிற்பது இங்கே சகஜம். காகிதம் எதையும் நீட்டினால் அடிபட்ட நிலையில் கையெழுத்துப் போடாதீர்கள்.

மருத்துவமனையில்

பணம் இல்லை, காப்பீட்டு அட்டை இல்லை, விசாத் தாள் முடியப்போகிறது என்று தயங்கிப் போகாமல் இருக்கிறார்கள். அரசியலமைப்பின் 27ஆம் பிரிவு, அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக்கூடாது என்கிறது. "யாருக்கும்" என்பதில் நீங்களும் அடக்கம். சாட்ஸ்வொர்த்தில் ஆர்.கே. கான், ஃபீனிக்ஸில் மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனை, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் கிரேஸ் ஆகியவை அரசு மருத்துவமனைகள். கடுமையான அடியை டர்பனில் இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மருத்துவமனைக்கு அனுப்பி வைப்பார்கள்.

அரசு அவசரப் பிரிவில் வாசலிலேயே, அவசரத்தைப் பொறுத்து, நோயாளிகளுக்கு ஒரு நிறம் கொடுத்துப் பிரிக்கிறார்கள். சிவப்பு என்றால் உடனே, ஆரஞ்சு 10 நிமிடத்துக்குள், மஞ்சள் ஒரு மணி நேரத்துக்குள், பச்சை நான்கு மணி நேரத்துக்குள் என்பது இலக்கு. தோல் கிழியாத சாதாரண முறிவு மஞ்சள். திறந்த முறிவு, பெரிய மூட்டு விலகல், ரத்த ஓட்டம் கெட்டுப்போகிற கை கால் ஆகியவை ஆரஞ்சு. சாலையோரத்தில் நீங்கள் குறித்து வைத்தவை இங்கேதான் உதவுகின்றன. "ரொம்ப வலிக்குது" என்பது அந்த வரிசையில் நிற்கிற எல்லோரும் சொல்வது. "7.25 முதல் விரல் மரத்திருக்கிறது, பாதம் மற்றதைவிடச் சில்லிட்டிருக்கிறது" என்று சொன்னால் செவிலியர் குனிந்து பாதத்தைத் தொடுவார். காத்திருக்கும்போது நிலைமை மாறினால் எழுந்துபோய்த் திரும்பச் சொல்லுங்கள். அடக்கமாக உட்கார்ந்திருப்பது நம் வளர்ப்பு. அவசரப் பிரிவில் அது நல்லதல்ல.

வீட்டுக்கு அனுப்பிய பிறகு

எல்லாரும் தலையையும் வயிற்றையும் பார்த்துக்கொண்டிருந்தபோது தப்பிப்போன முறிவுகள் இரண்டாம் மூன்றாம் நாளில் தெரியவரும். கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில் மணிக்கட்டில் விழும் குழியை அமுக்கிப் பாருங்கள். அங்கே வலித்தால், முதல் எக்ஸ்ரே நன்றாக இருந்தாலும், பத்து முதல் பதினான்கு நாளில் திரும்ப எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அங்கிருக்கும் சின்ன எலும்பின் முறிவு முதல் படத்தில் மறைந்துகொள்ளும். கூடாமல் போனால் மணிக்கட்டே கெட்டுவிடும்.

மாவுக்கட்டு போட்ட பிறகும் விரல் சோதனை தொடர வேண்டும். தொடை எலும்பு முறிந்தவருக்கு முதல் மூன்று நாளுக்குள் மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழம்பினாலோ, நெஞ்சில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ எலும்புக்குள்ளிருந்த கொழுப்பு நுரையீரலுக்குப் போயிருக்கலாம். வாரங்கள் கழித்து ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக் கட்டியாக இருக்கலாம். இரண்டுக்கும் அன்றே மருத்துவமனை.

எதிர் வண்டிக்காரரின் தவறு என்றால் எரிபொருள் வரியிலிருந்து நடக்கும் சாலை விபத்து நிதியத்தில் இழப்பீடு கேட்கலாம். ஓட்டுநர் யாரென்று தெரிந்தால் மூன்று ஆண்டுக்குள், இடித்துவிட்டு ஓடியவர் என்றால் இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வலி, வேதனைக்கான தொகை கடுமையான காயம் என்று மருத்துவர் படிவத்தில் மதிப்பிட்டால்தான். எனவே போலீஸ் அறிக்கை எண், முதல் நாள் மருத்துவக் குறிப்பு, எக்ஸ்ரே எல்லாவற்றையும் ஒரே உறையில் வையுங்கள்.

வலது காலில் கட்டு இருக்கும்வரை ஆட்டோமேட்டிக் வண்டிதானே என்று ஓட்டப் போகாதீர்கள். கட்டு பிரித்த பிறகும் அவசரத்தில் பிரேக்கை ஓங்கி மிதிக்கும் பலம் வரச் சில வாரங்கள் ஆகும். மருத்துவரிடம் கேட்டுவிட்டு, நிறுத்திய வண்டியில் மிதித்துப் பார்த்துவிட்டுச் சாலைக்கு வாருங்கள்.